தாங்கமாட்டாள் என்றாயே, அக்கா

ஆசை அக்காவுக்கு,

நீ போய் மூன்று வருடமாகிறது. இவ்வளவு காலமும் ஒரு வரி எழுதாமல் இருந்துவிட்டு, இப்போது எழுதுவதும் கோபத்தில்தான். செத்தவர்களோடு கோபிக்கக்கூடாது என்பார்கள். வேறு யாரோடு கோபிப்பது? என்னை இப்படி ஆக்கியது நீதானே?

பள்ளிக்கூடத்தில் ஊசி போட வந்த நாள் ஞாபகமிருக்கிறதா? நான் கக்கூசுக்குள் ஒளித்திருந்தேன். நீ உன் ஊசியைப் போட்டுக்கொண்டு, திரும்பவும் வரிசையில் நின்று, என் பெயரைச் சொல்லி என்னுடையதையும் போட்டுக்கொண்டு வந்தாய். இரண்டு கையும் வீங்கி நாலு நாள் காய்ச்சலில் கிடந்தாய். அம்மா என்னை ஏச வந்தபோது, "அவளை ஏசாதேங்கோ அம்மா, அவள் தாங்கமாட்டாள்" என்றாய்.

அன்றிலிருந்து அந்தச் சொல்தான் வீட்டில் சட்டம். இடி முழங்கினால் தாங்கமாட்டாள். தனியே பஸ்ஸில் விட்டால் தாங்கமாட்டாள். நெருப்புக் காய்ச்சலில் நீ ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களிலும், "தங்கச்சியைக் கூட்டிவராதேங்கோ" என்று நீதான் சொன்னாயாம். நானும் வரவில்லை. உண்மையைச் சொன்னால், நீ அப்படிச் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இதில் படித்தவள் வேறு. உளவியல் பாடத்தில், தன்னை உள்ளபடி ஏற்றுக்கொள்வது பற்றி நாலு பக்கம் எழுதி நல்ல புள்ளி வாங்கியவள். நான் பயந்த சுபாவம், அதுதான் நான் என்று எவ்வளவு சுகமாக ஏற்றுக்கொண்டிருந்தேன்!

உனக்கு ஒரு செய்தி சொல்லவேண்டும். நீ ஒன்றரை வயதில் விட்டுப்போன என் ஷாலினிக்கு இப்போது நாலரை வயது. கோப்பாயில்தான் இருக்கிறோம். வளவுக்குள் பங்கர் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டிருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பூரணமக்காவும், குண்டு போட வரும் பொம்மரின் சத்தம் கேட்டால் அதற்குள்தான் ஓடிவருவார்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலை. இவர் படிப்பிக்கப் போய்விட்டார். விறாந்தையில் இருத்திப் பிள்ளைக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் பின்னி முடிந்தது. பொம்மர் இரைந்தது. பிறகு எனக்குத் தெரிந்தது பங்கருக்குள் இருந்த இருட்டுத்தான். கையில் சீப்பு இருந்தது. பிள்ளை இல்லை.

சீப்பைக் கொண்டு ஓடியிருக்கிறேன், அக்கா.

பூரணமக்காதான் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து விழுந்தார். மூச்சு வாங்க வாங்க, "என்னடி பிள்ளை, பெத்ததையே மறந்துபோட்டியே?" என்று கேட்டார்.

குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது. ஷாலினி அழவில்லை. கைதட்டினாள். "அம்மாதான் முதலாவது! மாமியும் நானும் லாஸ்ற்!"

பின்னேரம் இவர் சைக்கிளை விட்டு இறங்கமுதலே ஓடிப்போய், "அப்பா, பொம்மர் வரேக்கை அம்மா எல்லாரையும் வெண்டிட்டா!" என்றாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலிலும் நாலு பேருக்குச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இவர் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. "விடும். உயிர்ப் பயம் ஆருக்குத்தான் இல்லை? உம்மடை சுபாவம் அது. சும்மா உம்மைப் போட்டு வதைக்காதையும்" என்றார். அப்படியே உன் குரல். அந்த நேரம்தான் உன்னை வெறுத்தேன்.

"எனக்கு ஆறுதல் சொல்லாதேங்கோ" என்றேன். "நாளையிலையிருந்து, நான் நினையாத நேரத்திலை சட்டி மூடியை எடுத்து அடியுங்கோ."

முதல் நாள் மூடிச் சத்தத்துக்கே வாசலைத் தாண்டிவிட்டேன். இவர் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சத்தம் கேட்டதும் முதலில் பிள்ளையின் கையைப் பிடிப்பதற்கு இரண்டு கிழமை பிடித்தது. பூரணமக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன, விடிஞ்சால் பொழுதுபட்டால் மாஸ்ரர் வீட்டிலை தகரச் சத்தம்? பேய் கலைக்கிறியளோ?"

"ஓமக்கா. போகுதில்லை."

போன வியாழக்கிழமை உண்மையாகவே பொம்மர் வந்தது. நான் குசினியில், பிள்ளை முற்றத்தில். என் கால் பங்கர்ப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டது. உனக்குப் பொய் சொல்லமாட்டேன், இரண்டு எட்டு. பிறகுதான் திரும்பினேன். அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடினேன். "விடுங்கோ அம்மா! என்னைத் தூக்கினால் நீங்கள் தோத்துப்போவியள்!" என்று என் தோளில் குத்தினாள். உள்ளே போன பிறகும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "உங்களாலைதான் மாமி முதலாவது."

பயம் போகவில்லை, அக்கா. போகாது என்றும் தெரிகிறது. என் மூக்கைப் போல, என் குரலைப் போல அதுவும் என்னோடு இருக்கட்டும். ஆனால் பிள்ளையை விட்டு ஓடிய கால் பிறப்பில் வந்ததில்லை. நீயும் நானும் சேர்ந்து பழக்கிய கால் அது. நீ என்மேல் வைத்தது அன்பில்லை என்று சொல்ல என்னால் முடியாது. ஆனாலும் ஒரு நாளாவது என்னை இழுத்துக்கொண்டுபோய் அந்த ஊசி வரிசையில் விட்டிருக்கக் கூடாதா? அழுதிருப்பேன். அவ்வளவுதானே?

தை மாதம் ஷாலினி பள்ளிக்கூடம் போகப்போகிறாள். அதற்கு முன் நானே அவளுக்குச் சொல்லுவேன். அது ஓட்டப்போட்டி இல்லை, உன்னை விட்டுவிட்டு அம்மா ஓடினேன் என்று. வேறு ஒருவர் வாயால் அவள் அதை அறியக்கூடாது. கேட்ட பிறகு என்னிடம் வருவாளோ, பூரணமக்காவிடம் போய் ஒட்டிக்கொள்வாளோ தெரியாது. எப்படியானாலும் அவள் முகத்தைப் பார்த்தே சொல்லுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்போது உன் வயதையும் தாண்டிவிட்ட
உன் தங்கச்சி