பெரட்டுக்களத்து மாத்திரை

ஜூன் 4, செவ்வாய். மூன்றாம் நாளாக மழை.

காலைப் பெரட்டில், தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் வேலைக்குக் கூடும் களத்தில், கர்ப்பிணிகள் ஏழு பேர். இரும்பு மாத்திரையை லயத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினால் கூரையில் செருகிவிடுகிறார்கள். பிள்ளை கறுத்துவிடுமாம். அதனால் என் ஏற்பாடு: வேலைக்குப் பேர் கொடுக்கும்போதே, கையில் இருக்கும் சாயத்தண்ணியோடு, அந்தப் பால் சேராத தேநீரோடு, என் கண்முன் விழுங்க வேண்டும், வாயைத் திறந்து காட்ட வேண்டும். மூன்று மாதமாக ஒருத்தியையும் தப்ப விட்டதில்லை.

மாரியாயி, எட்டாம் மாதம். இமையை இழுத்துப் பார்த்தேன், வெள்ளை வெளேர். கால் வீக்கம். நாலு படி ஏறினால் மூச்சு. சுவர் மண்ணைச் சுரண்டித் தின்கிறாள்.

"மாத்திர ஒழுங்கா முழுங்குறியாடி?"

"ஒரு நாளும் விடலீங்களே மருத்துவச்சியம்மா."

நம்பவில்லை. ஒளித்துத் துப்புகிறாள் என்று ஏசினேன்.

கூப்பனுக்குக் கொடுக்கும் மாவு இந்த வாரமும் இல்லை. குடைக்கம்பி முறிந்துவிட்டது.

ஜூன் 7, வெள்ளி. வெயில்.

நேற்று மத்தியானம் மாரியாயிக்கு வலி. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், லொறியிலேயே பேறு. பெண். பிள்ளை பிழைத்தது. இரத்தம் அதிகம் போகவில்லை, வேறொருத்தி தாங்கியிருப்பாள். "குளிருதும்மா" என்றாள். பெரகல சந்திக்கு முன்னாலேயே போய்விட்டாள்.

ஜூன் 10, திங்கள். பதுளை.

மாரியாயியின் மரண அறிக்கை கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் யாழ்ப்பாணத்தார்.

"மாத்திரையை எதோட விழுங்கினவ?"

"சாயத்தண்ணியோடங்க."

பேனையை வைத்துவிட்டார். "தேத்தண்ணியோட குடுத்தா இரும்பு சரியா உடம்பில சேராது. அது மட்டும் காரணமெண்டு சொல்லேல்ல. வயித்தில பூச்சி, சாப்பாடும் இல்லை. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லையோ?"

இல்லை.

பஸ்ஸில் எதிரே இருந்த பெண்களின் இமைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டில் கண்ணை மூடினால், மாரியாயி வாயைத் திறந்து காட்டிக்கொண்டு எதிரே நிற்கிறாள், மூடமாட்டேன் என்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. நான்தான் ஏசினேன்.

ஜூன் 11, செவ்வாய். பனிமூட்டம்.

பெரட்டுக்கு வாளியில் தண்ணீர் கொண்டுபோனேன். சாயத்தண்ணிப் போத்தல்களைக் கீழே வைக்கச் சொன்னேன்.

"என்னம்மா, புதுச் சட்டமா?" என்றார் கங்காணி.

மிச்சம் ஆறு பேர். அதில் மாரியாயியின் தங்கை பூங்கோதை, ஐந்தாம் மாதம். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடி நின்றாள்.

"எங்கக்கா சாயத்தண்ணியிலதானே முழுங்குச்சு?"

"ஆமா."

"அது தப்புங்களா?"

"எனக்கு இதுவரைக்கும் தெரியாது பிள்ள. நேத்துதான் சொன்னாங்க."

பூங்கோதை மாத்திரையை என் கையில் திரும்ப வைத்தாள். கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு தேயிலை மலைக்கு ஏறிவிட்டாள். கூப்பிட்டேன், நிற்கவில்லை.

ஐந்து பேர் விழுங்கினார்கள்.