கையை ஊன்றாமல் ஐந்து முறை

ஜூன் 3, செவ்வாய்

காலை எட்டுக்கே அனல். திருப்பாதிரிப்புலியூர் முழுக்கக் கரண்ட் இல்லை. சிதம்பரம் போய் வந்தேன். பிப்ரவரியில் இடுப்பெலும்பு உடைந்து ப்ளேட் வைத்தது அங்கேதான். இப்போது பிசியோதெரபி. அமலா என்று ஒரு பெண், முப்பது இருக்கும். "வாங்க பாட்டி" என்றாள். மேடம் என்று திருத்தினேன்.

பரீட்சை: நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்கே வைத்து, எதையும் பிடிக்காமல் ஐந்து முறை எழ வேண்டும். நான் எழுந்தது ஒன்று. அதுவும் ஆட்டத்தோடு. கான்வென்டில் மதர் உள்ளே வந்தால் நாற்பது பேரும் பெஞ்சு சத்தமில்லாமல் எழுவோம். சத்தம் கேட்டால் மறுபடி உட்கார்ந்து எழ வேண்டும். அதே கால்கள்தான் இவை.

என் மகன் பாபு பெங்களூரிலிருந்து போனில் நிபந்தனை. 28ஆம் தேதி வருவானாம். அன்று ஐந்து வந்தால் நான் இந்த வீட்டில் தனியாக இருக்கலாம். இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டு அவனோடு. ஒத்துக்கொண்டேன். டிசம்பரில் குளியலறையில் விழுந்ததை மறைத்தேன் என்று இன்னும் குத்திக்காட்டுகிறான். வெறும் ரத்தக்கட்டு. அதை எதற்குச் சொல்வது?

ஜூன் 6, வெள்ளி

காலை பத்து முறை, மாலை பத்து முறை. நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்தி. முட்டை தினம் இரண்டு. தயிர். சுண்டல். வாயுத் தொல்லை.

அமலா போன். கையில் மாவு, ஸ்பீக்கரில் போட்டேன். "படுத்தே இருந்தீங்கல்ல மேடம், தசையில செல்லு எல்லாம் சுருங்கிப் போச்சி. உள்ள மைட்டோகாண்ட்ரியாவும் கொறஞ்சி போச்சி. வேலை குடுத்தாதான் புதுசு உண்டாகும்." பிளஸ் டூ உயிரியல் முப்பத்தோரு வருடம் எடுத்தவளுக்குப் பாடம்!

ஜூன் 8, ஞாயிறு

பாபு போன், கோபத்தோடு. "ஏம்மா, வீடு பூரா செல்லு அரிச்சிடுச்சாமே. இதையும் மறைக்கிறியா? விக்கறதுக்கு ஆள் பாக்கட்டுமா?"

ஒன்றும் புரியவில்லை. வேலைக்கு வரும் கஸ்தூரியைக் கூப்பிட்டேன். தேவனாம்பட்டினத்துக்காரி, நல்லவள், வாய் மட்டும் நிற்காது.

"நான்தான் தம்பிகிட்ட சொன்னேன் டீச்சரம்மா. அந்தப் பொண்ணு போன்ல சொல்லுச்சே, உள்ளார செல்லு, எல்லாம் கொறஞ்சி போச்சின்னு. நெலப்படியெல்லாம் தட்டிப் பாத்துட்டேன், கல்லு மாதிரி கீது. எந்தக் கதவுன்னுதான் தெரியல."

"கதவு இல்லடி, என் கால் செல்!"

"கால்லயா? ஐயய்யோ!"

கஸ்தூரி சொல்லும் செல் கரையான், என் செல் வேறு என்று பாபுவுக்கு விளக்க அரைமணி. அவன் சிரிக்கவில்லை. "உன் பேச்சை எப்படிம்மா நம்புறது?" என்று வைத்துவிட்டான்.

ஜூன் 11, புதன்

மறுபடி சிதம்பரம். பஸ்ஸில் உட்கார இடமுண்டு, தொடை வலியில் உட்கார முடியவில்லை. லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று அமலாவிடம் சொன்னேன்.

"இல்ல மேடம். அது ஒரு மணி நேரத்துல வெளிய போயிடும். கழிவே கெடயாது அது. இதயமே அத எடுத்து எரிச்சிக்கும். இந்த வலி, தசை நார்ல விழுந்த சின்னச் சின்னக் கிழிசல். அத ஒடம்பு தச்சிக்கிட்டு இருக்கு."

வாதாடினேன். குரல் உயர்ந்துவிட்டது. அடுத்த நோயாளி எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து மூன்று இடங்களில் படித்தேன். அவள் சொன்னதுதான் சரி. முப்பத்தோரு வருடம் கரும்பலகையில் "கழிவு" என்று எழுதி அடிக்கோடு போட்டவள் நான். அமிலம் அன்றைக்கே போய்விடும் என்றால் மூன்றாம் நாள் ஏன் வலிக்கிறது? ஒரு மாணவியும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. எரிச்சல்.

ஜூன் 12, வியாழன்

அமலாவுக்குப் போன். "நீ சொன்னது சரி."

"இதுக்கா மேடம் போன் பண்ணீங்க?"

வேறு எதற்கு?

ஜூன் 20, வெள்ளி

மூன்று. தலையணை இல்லாமல்.

தசை நாரை ஒட்டிச் சில செல்கள் தூங்கிக்கொண்டே இருக்குமாம். நார் கிழிந்தால் விழித்து, பெருகி, நாரோடு சேர்ந்துகொள்ளும். எழுபத்தாறு வயதிலும் உண்டு, குறைவாக. என்னுடையவை மகா சோம்பேறிகள். கஸ்தூரி தினமும் கேட்கிறாள்: "செல்லு செத்துச்சா டீச்சரம்மா?" அது செத்தால் நானும் போனேன் என்றேன். குழம்பிப் போய்ப் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

காஸ் புக் செய்ய வேண்டும்.

ஜூன் 28, சனி

பாபு காரில் வந்தான். சிதம்பரம், பத்து மணி. அமலா கையில் போன், நேரம் பார்க்க.

இரண்டு சுலபம். தசையில் கைவசமுள்ள எரிபொருள், ஏ.டி.பி., சில வினாடிக்குத்தான் வரும், அதற்குப் பிறகு அடுத்த இருப்பு. மூன்று. நான்கில் தொடை நடுங்கியது. ஐந்தாவதில் பாதி எழுந்து நின்றுவிட்டேன், மேலும் இல்லை கீழும் இல்லை. பிறகு எழுந்தேன்.

"அஞ்சு! சூப்பர் மேடம்!"

பாபுவும் எழுந்துவிட்டான். "சரிம்மா. நீ ஜெயிச்சிட்ட."

"நான்கு" என்றேன்.

"அஞ்சு மேடம், நான் எண்ணினேனே."

"கடைசியில் இடக்கை நாற்காலியைத் தொட்டது. முந்தானை மறைத்துவிட்டது. நான்கு என்று எழுது."

எழுதினாள். வீடு போயிற்று என்று நினைத்தேன். என்னென்ன எடுத்துக்கொள்வது என்று மனத்துக்குள் பட்டியல் போட்டேன்.

காரில் ஆலப்பாக்கம் தாண்டும்போது பாபு கேட்டான்.

"யாரும் பாக்கலையேம்மா. ஏன் சொன்ன?"

"நான் பார்த்தேனே."

"நீ தனியா இருக்கறது இல்லம்மா எனக்கு பயம். விழுந்துட்டு சொல்ல மாட்டேங்கறதுதான்." ஒரு லாரியை முந்திவிட்டு, "இனிமே விழுந்தா சொல்லுவியா?"

"சொல்வேன்."

"அப்ப இரு. அடுத்த மாசம் வந்து பாக்கறேன்."

ஜூன் 29, ஞாயிறு

புழுக்கம். பாபு விடியற்காலையே கிளம்பிவிட்டான். குளிக்கும்போது கால் லேசாக வழுக்கியது, விழவில்லை. போன் செய்து சொன்னேன். ஓசூர் பக்கம் டிராபிக்கில் இருந்தான். "விழாததை எல்லாம் சொல்லணுமாம்மா?" என்று அலுத்துக்கொண்டான்.

எழுந்தது: நான்கு. கஸ்தூரி ஐந்து என்கிறாள். அவளுக்கு எண்ணத் தெரியாது.