வலது பக்கமா, இடது பக்கமா

மகிழினி அப்பாவுக்கு,

நாங்கள் நலம். ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் பைனலுக்காக பேசின் பிரிட்ஜ் பக்கம் உன் படம் போட்டு பேனர் கட்டியிருக்கிறார்கள். ஐந்து கோப்பை வாங்கிய கோச்சாம். ஐந்தும் பெனால்டியில் ஜெயித்தவை. உதைக்க வருகிற ஆளைப் பார்த்தே பந்து எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்துவிடும் என டிவியில் நீயே சொன்னாய்.

எனக்குச் சந்தேகம்தான். வியாசர்பாடி கிரவுண்டு ஓரத்தில் வேர்க்கடலைக் கூடையோடு உட்கார்ந்து எல்லா டீமின் பிராக்டீஸையும் பார்த்தவள் நான். "அந்த நெட்டைப் பையன் லெப்ட்லதான் அடிப்பான்" என்று உனக்குச் சோறு போடும்போது சொன்னதும் நான். நீ எங்களை விட்டுத் திருவொற்றியூர் பெண்கள் கிளப்புக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அதற்கப்புறம் ஒரு கோப்பைகூட இல்லை.

நேற்று திடீரென்று போன் செய்தாய். "சாப்ட்டியா? பாப்பா எப்டி கீது?" என்றாய். எனக்கு மனசு கொஞ்சம் இளகியது. உடனே, "இப்போ பெனால்டி எந்தப் பக்கம் அட்ச்சிகினு கீது?" என்றாய்.

பைனலில் உன் கிளப்புக்கு எதிராக ஆடப்போகிறவள் உன் மகள்.

போனை வைத்துவிட்டேன். இப்போது எழுத்தில் சொல்கிறேன்: வலது பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை அதே ஓரத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். ஆளைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவனாயிற்றே நீ. என் முகத்தைப் பார்த்து, நான் எழுதியது நிஜமா பொய்யா என்று தெரிந்துகொள்.

இப்படிக்கு,
கிரவுண்டு ஓரத்துக் கடலைக்காரி