செத்தவீட்டுக் கமரா

2014 பெப்ரவரி 11
கமராவுக்கு முதல் வேலை கிடைத்துவிட்டது. கலியாணம் இல்லை, செத்தவீடு. கீரி ஊரில் சந்தியோகு அண்ணரின் அப்பா தவறிவிட்டார். கனடாவில் இருக்கிற அவரின் தம்பியால் வர முடியாதாம். “பெட்டி மூடமுதல் எல்லாத்தையும் படம் எடுத்து அனுப்புங்கோ பிள்ளை” என்றார் அண்ணர். முன்பள்ளிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அப்படியே ஓடினேன். அழுகிற சனத்திடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். தள்ளி நின்றார்கள்.

பெப்ரவரி 27
இன்றும் செத்தவீடு. கனடாத் தம்பி படங்களை எல்லாருக்கும் காட்டியிருக்கிறார். வெளிநாட்டில் இருக்கிற சனமெல்லாம் இப்போது என்னைத்தான் கேட்கிறது. அம்மா வாசலில் வாளியோடு நிற்கிறார். “முழுகிப்போட்டு உள்ள வா. அதை வெளியில வை.” விட்டால் கமராவுக்கும் முழுக வார்ப்பார். அண்ணா சுவிசிலிருந்து கமரா அனுப்பியது இதற்கா?

மார்ச் 16
செலீனாவுக்குக் கலியாணம்! மாக்கிறட் மாமியின் மகள், என் மச்சாள். உயிர்ப்பு ஞாயிறு கழித்து, மே மாதம். “நீதான் எடுக்கவேணும்” என்று அவளே சொன்னாள். ஒரு கலியாணம் எடுத்துக் காட்டினால் போதும், மற்றது தானாக வரும்.

மார்ச் 23
மாமி வந்தார். தேத்தண்ணி குடித்து முடித்தார். பிறகு, “குறை நினையாதை மதலேனா. வடிவா உடுத்திக்கொண்டு வந்து சாப்பிட்டுப் போ. கமராவைக் கொண்டு வராதை. மாப்பிள்ளை வீட்டார் கதைப்பினம்.”
மாப்பிள்ளை வீட்டாருக்கு என்னைத் தெரியுமா? கேட்கவில்லை. கேட்டிருக்க வேணும். சனியன்! செத்த ஆளை எடுத்தால் கமராவில சாவு ஒட்டுமோ? கீரியில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, “என்னை வடிவா எடு” என்றது இதே மாமிதானே.

மே 10
கலியாணத்துக்குப் போகவில்லை. தலையிடி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கோயில் மணி கேட்டது. அழுதேன்.

ஜூன் 3
இலுப்பைக்கடவையில் செத்தவீடு, வரச்சொல்லிக் கேட்டார்கள். மாட்டன் எண்டிட்டன். கமராவை வித்துப்போடப் போறன்.

செப்டம்பர் 2
மாமிக்குப் புற்றுநோயாம். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்குத்தர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

செப்டம்பர் 14
மாமி கூப்பிட்டனுப்பினார். செலீனாவின் கலியாணத்துக்கு வாங்கிய சேலையில் கதிரையில் இருந்தார். ஆள் பாதியாகிவிட்டார்.
“கமரா எங்கை?”
“நீங்கள்தானே மாமி கொண்டு வராதை எண்டனியள்.” வாயில் வந்துவிட்டது. ஐயோ.
மாமி சிரித்தார். “ஓமடி, சொன்னனான். இப்ப போய்க் கொண்டா. அடையாள அட்டையில கள்ளி மாதிரி இருக்கிறன். விட்டால் அதைத்தான் இவையள் செத்தவீட்டு நோட்டீசில போடுவினம்.”
விற்காமல் கிடந்த கமராவை ஓடிப்போய் எடுத்து வந்தேன். கதிரையை யன்னல் பக்கம் திருப்பினேன். சேலைத் தலைப்பை நேராக்கிவிட்டுக் கமராவைத் தூக்கினேன்.
“சிரிக்கலாமோ பிள்ளை?”
“சிரியுங்கோ மாமி.”

ஒக்டோபர் 5
மரண அறிவித்தல் ஒட்டிவிட்டார்கள். சந்திக்குச் சந்தி மாமி சிரிக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு கிழவர், “எனக்கும் இப்பிடி ஒண்டு எடு பிள்ளை, இப்பவே” என்றார்.
செலீனா போன் எடுத்தாள். “மச்சாள், அம்மாவின்ர பெட்டி மூடமுதல் கமராவோட வா.”
போறன்.