கடிகாரம் எண்ணிய நடை

அன்புள்ள மகனுக்கு,

நேற்று மாலை கூடத்தில் மூன்று பேர் இருந்தோம்: நான், உன் அப்பா, அவர் மணிக்கட்டில் நீ அனுப்பிய கடிகாரம்.

"பாத்தியா, நாலாயிரம் அடி நடந்திருக்கேனாம்! உன் பிள்ளை இதுலயே சபாஷ்னு சேதி போட்டிருக்கான். நீதான் என்னைச் சோம்பேறிங்கிறே" என்று சிரித்தார். காலையிலிருந்து அவர் நாற்காலியை விட்டு எழுந்தது நான்கே முறை. நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

கருவியைக் குறை சொல்லவில்லை. கை அசைந்தால் நடை என்பதுதான் அதற்குத் தெரிந்த விஞ்ஞானம். அவர் கை இப்போது சும்மா இருக்கும்போதும் ஆடுகிறது.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பிரார்த்தனை சொன்னேன். முடியும்வரை எண் ஒன்றுகூட ஏறவில்லை.

அவரிடம் சொல்லவில்லை. டாக்டரிடம் அழைத்துப்போக எப்போது வருவாய்? கடிகாரத்துக்கு அனுப்பாதே, அவர் படித்துவிடுவார். எனக்குச் சீக்கிரம் பதில் எழுது.

அம்மா