இல்லாத தொகுதிக்கு ஒரு ஓட்டு

வடக்கு சஸ்காச்சுவன், சுரங்க முகாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். குளிர்கூட இப்போது உறைப்பதில்லை.

நேற்று சாப்பாட்டுக்கூடத்தில் மாகாணத் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டோம். எந்தத் தொகுதி என்று கேட்டதும் என் வாய் தானாக “வில்லோ ஃபோர்க்” என்றது.

“அதைத்தான் டவுனோட சேத்துட்டாங்களே! எந்தக் காலத்துலம்மா இருக்க?” என்று சிரித்தாள் சீட்டுக் கொடுத்தவள். வரிசையே சிரித்தது, நானும்தான்.

ரயில் வந்தபோது உண்டான தொகுதி, ஆள் குறைந்ததும் போய்விட்டது. அதன் கடைசித் தேர்தலில் நின்று தோற்ற அன்று நீங்கள் நேராக மாட்டுக்குத் தீனி போடப் போனீர்கள்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு வெற்றுச் சீட்டுதான். சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்த்து வேட்பாளர் பெயரை நாமே எழுத வேண்டும். எல்லாம் டவுன்காரர்கள். ஒருவரையும் எனக்குத் தெரியவில்லை.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். அம்மா போட்ட பீட்ரூட் ஊறுகாய் ஒரு பாட்டில் இருந்தால் அதையும். இங்கே எதற்கும் ருசியில்லை.

சுரங்க பஸ் வந்துவிட்டது. செல்லாது என்று தெரிந்தேதான், அப்பா, சீட்டில் உங்கள் பெயரை எழுதினேன்.

உங்கள் மகள்
லெஸ்யா