தகப்பன் வழி வந்தால்

பாப்பா அம்மாவுக்கு,

"பாப்பா கழுத்துல சின்னக் கட்டிங்க, சளியாலதான்னு டாக்டர் சொல்றார்" என்று நேற்று ஃபோனில் சொன்னாய். "சரி, மருந்து குடு" என்று வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் உன் தம்பியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் அம்மாவுக்கும் கழுத்தில்தான் கட்டி வந்தது. போன வருடம் எங்கள் ஆய்வகத்தில் என் ரத்தத்தைச் சோதித்தேன். அதே பழுதான மரபணு எனக்கும் இருக்கிறது. தாய் வழி வந்தால் உடம்பின் செல் அதைப் படிப்பதே இல்லை; அதனால்தான் நான் தப்பித்தேன். தகப்பன் வழி வந்தால் படித்துவிடும்; என் அம்மாவுக்கு வளர்ந்தது போலக் கட்டி வளரும்.

"வீட்ல சொல்லிட்டியாப்பா?" என்று அப்போதே ஆய்வக மேலாளர் கேட்டார். "சொல்லிட்டேன் சார்" என்றேன்.

பாப்பாவுக்கு அது போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சீக்கிரம் பார்த்தால் அறுத்து எடுத்துவிடலாம். செவ்வாய்க்கிழமை காலை இங்கே ஸ்கேனுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.

பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ரயிலில் வா, ஸ்டேஷனுக்கு வருகிறேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் பார்க்க வேண்டாம். குழந்தையை மட்டும் என் கையில் கொடு.

பாப்பாவின் அப்பா